வடக்கு இங்கிலாந்தின் தொழிலாளர் கிளப்: பழைய ஆவணப்படங்களில் தெரிவதும் தெரியாததும்

1960-களிலும் 70-களிலும் வடக்கு இங்கிலாந்தின் தொழிலாளர் கிளப்புகளில் எடுத்த படச்சுருள்களை வரிசையாகப் பார்த்தால் சில காட்சிகள் திரும்பத் திரும்ப வரும். நீளமான ஒரு ஹால். சின்னச் சின்ன மேசைகள், மேசைக்கு மேசை பீர் கிளாஸ், சாம்பல் கிண்ணம், தலைக்கு மேல் புகை. மேடையில் பாட்டுக்காரர் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருப்பார். முன்வரிசையில் இருப்பவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச்சை நிறுத்தவே மாட்டார். ஓரத்தில் கோட்டும் டையும் போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்து, அமைதியாக இருங்கள், பாடுகிறவருக்கு மரியாதை கொடுங்கள் என்று அதட்டுவார். அப்புறம் பிங்கோ, கூப்பிடும் எண்களைச் சீட்டில் அடிக்கும் சூதாட்டம். எண்களைக் கூப்பிட ஆரம்பித்ததும் ஹாலில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காது.

பார்ப்பவருக்கு இது ஒரு மதுக்கடை என்றுதான் தோன்றும். கொஞ்சம் பெரிய மதுக்கடை, கொஞ்சம் இரைச்சல் அதிகம். அந்த நினைப்போடு பார்த்தால் படம் முழுக்கத் தப்பாகப் புரியும். அங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் அந்த இடத்தின் முதலாளிகள். கட்டடம், பீர் பீப்பாய், ஸ்னூக்கர் மேசை, பாடகர் கையில் இருக்கிற மைக் எல்லாம் அவர்களுடையது. சுரங்கத்திலும் மில்லிலும் கப்பல் கட்டும் தளத்திலும் வேலை பார்த்த ஆட்கள். வேலை கம்பெனியுடையது, பலருக்குக் குடியிருந்த வீடும் கம்பெனியுடையது. அப்படிப்பட்டவர்கள் கூட்டாகச் சேர்ந்து வைத்திருந்த ஒரே சொத்து பல ஊர்களில் அந்த கிளப்தான். அவற்றில் மெச்ச வேண்டியது எல்லாம் இந்தச் சொந்தத்திலிருந்து வந்தது. வெட்கப்பட வேண்டியதும் அதிலிருந்துதான் வந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால்தான் பழைய படங்கள் பேச ஆரம்பிக்கும்.

முதலில் வாசல். படங்களில் வாசல் காட்சி சில நொடிகள்தான் வரும். ஒரு மேசை, அதன் பின்னால் வயதான ஒருவர், முன்னால் ஒரு தடிமனான நோட்டுப் புத்தகம். உறுப்பினர் என்றால் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போகலாம். விருந்தாளி என்றால் கூட்டி வந்த உறுப்பினர் அந்த நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் உள்ளே ஏதாவது தகராறு செய்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர். புதிதாகச் சேர வேண்டும் என்றால் ஒரு உறுப்பினர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைப்பார்கள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். அதற்குப் பிறகு கமிட்டி கூடி முடிவு செய்யும். தலைவர், செயலாளர், பொருளாளர், கமிட்டிக்காரர்கள் எல்லாரும் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். பகலில் நிலக்கரி வெட்டியவர் சாயங்காலம் பொருளாளர் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். பாரைக் கவனிக்க ஒரு ஸ்டூவர்டைச் சம்பளத்துக்கு வைப்பார்கள். பல கிளப்புகளில் அவர் குடும்பத்தோடு மாடியிலேயே குடியிருப்பார்.

அந்த நோட்டும் அட்டையும் வெறும் சம்பிரதாயம் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு சட்ட நுட்பம் இருக்கிறது. 1882-ல் கிராஃப் எதிர் எவன்ஸ் என்ற வழக்கு வந்தது. லைசென்ஸ் இல்லாமல் உறுப்பினர் ஒருவருக்கு மது விற்றதாக ஒரு கிளப்பின் மேலாளர்மீது குற்றச்சாட்டு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மதுவை வாங்கி வைத்ததே உறுப்பினர்களின் பொதுப் பணத்தில்தான். ஆகவே அது எல்லாருக்கும் சொந்தம். அதில் ஒருவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு பொதுப் பணத்துக்கு ஈடு கட்டுகிறார், இது விற்பனை ஆகாது என்று சொல்லிவிட்டது. 1902-ன் லைசென்ஸ் சட்டம் கிளப்புகளும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கொண்டுவந்தது. ஆனாலும் மதுக்கடைக்கு வேண்டிய லைசென்ஸ் வேறு, கிளப்பின் பதிவு வேறு என்ற பிரிவு நிலைத்துவிட்டது. வாசலில் ஆள் பார்த்து உள்ளே விடாவிட்டால், கிளப் பொதுமக்களுக்கான கடையாகிவிடும். அந்தப் பதிவுக்கே ஆபத்து. வாசல்காரர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

லாபம் எடுக்க முதலாளி இல்லாததால் பீர் மலிவு. மிஞ்சும் பணம் உறுப்பினர்களுக்கே திரும்பும். எப்படித் திரும்பும் என்பதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். கோடையில் குழந்தைகளுக்குக் கடற்கரைச் சுற்றுலா. வரிசையாகப் பஸ்கள் வந்து நிற்கும். யார்க்‌ஷயர் ஊர்களிலிருந்து ஸ்கார்பரோ, பிரிட்லிங்டன், கிளீதார்ப்ஸ். வடகிழக்கிலிருந்து விட்லி பே. ஒவ்வொரு குழந்தை கையிலும் ஒரு பொட்டலம் சிப்ஸ், ஒரு பாட்டில் சோடா, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. கிறிஸ்துமஸுக்கு ஓய்வு பெற்றவர்களுக்கு விருந்து. வேலைநிறுத்தம் வந்தால் அதே ஹாலில் அடுப்பு எரியும். 1984-85 சுரங்க வேலைநிறுத்தத்தில் பல ஊர்களின் கிளப்புகளும் சுரங்கத் தொழிலாளர் நல மன்றங்களும் சாப்பாட்டுக் கூடங்களாக மாறின. நல மன்றம் வேறு, கிளப் வேறு. நல மன்றங்களின் வேர், வெட்டி எடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி என்று 1920-ன் சட்டம் ஏற்படுத்திய நிதியில் இருக்கிறது. கிளப்புக்கு அப்படி எதுவும் வரவில்லை. உறுப்பினர் சந்தாவும் பீர் காசும்தான்.

இவ்வளவு தன்மானமுள்ள ஒரு அமைப்பு தொடங்கியது மேலிருந்து வந்த உபகாரமாக என்பது ஆச்சரியம். 1862-ல் கிளப்புகளுக்கான ஒன்றியத்தை நிறுவியவர் ஹென்றி சாலி. யூனிட்டேரியன் சபைப் பாதிரியார், மது தொடாதவர். வேலை முடிந்து மதுக்கடைக்குப் போகும் தொழிலாளியை வேறு ஒரு நல்ல இடத்துக்குத் திருப்ப வேண்டும், அங்கே அவன் டீ குடித்துக்கொண்டு செய்தித்தாள் படிக்க வேண்டும், சொற்பொழிவு கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. பிரபுக்கள் பலர் ஆதரித்தார்கள், நன்கொடை கொடுத்தார்கள். ஆனால் பீர் இல்லாத கிளப்புக்கு ஆள் வரவில்லை, வாடகை கட்டப் பணமும் சேரவில்லை. சில வருஷங்களிலேயே பீருக்கு இடம் கொடுக்க வேண்டி வந்தது. சாலியும் அதற்கு இறங்கி வந்தார். 1875-ல் ரோஸ்பரி பிரபு, பிற்பாடு பிரதமரானவர், வெளிப்படையாகவே சொன்னார்: தொழிலாளிகளைக் குழந்தைகள் மாதிரி நடத்தும் கட்டுப்பாடுகள் வேண்டாம், கிளப்பை அவர்களே நடத்தட்டும் என்று. 1880-களின் நடுவில் ஒன்றியத்தின் நிர்வாகம் நிஜமாகவே தொழிலாளர்களின் பிரதிநிதிகள் கைக்கு வந்துவிட்டது. பிரபுக்கள் ஆரம்பித்து வைத்த ஒரு சீர்திருத்தச் சங்கத்தைத் தொழிலாளிகள் ஓட்டுப் போட்டுத் தங்களுடையதாக்கிக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாதாரண விஷயம் இல்லை. இந்த வரலாற்றுக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

சாலியின் படிப்பு ஆசை முழுக்க வீணாகவும் இல்லை. கிளப்புகளில் வாசிப்பறை இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரியில் படிக்க ஒன்றியம் உதவித்தொகை கொடுத்தது. உடம்பு முடியாத உறுப்பினர்கள் போய்த் தங்கித் தேறி வரக் கடலோரத்தில் ஓய்வு இல்லங்களும் கட்டினார்கள்: கென்ட்டில் பெக்வெல் பே, வடகிழக்கில் சால்ட்பர்ன், மோர்கம் விரிகுடாவின் கரையில் கிரேஞ்ச்-ஓவர்-சாண்ட்ஸ், வேல்ஸில் லாங்லண்ட் பே. நிலக்கரித் தூசியில் நுரையீரல் கெட்ட ஆட்கள் கடற்காற்று வாங்கப் போனது இன்னொருவர் தயவில் இல்லை, தங்கள் சந்தாவில்.

பீர் கம்பெனிகளையும் விட்டுவைக்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்த சமயம் பீர் தட்டுப்பாடு. கம்பெனிகள் தங்களுக்குச் சொந்தமான மதுக்கடைகளுக்கு முதலில் கொடுத்தன; கிளப்புகள் கடைசி. 1919-ல் வடகிழக்கு கிளப்புகள் ஒன்றாகச் சேர்ந்து நியூகாசிலில் சொந்தமாகவே ஒரு மதுவடி ஆலையைத் தொடங்கிவிட்டன. அதுதான் ஃபெடரேஷன் புரூவரி. தெற்கு வேல்ஸ் கிளப்புகளுக்கும் பான்டிகிளனில் ஒன்று இருந்தது. வாங்கும் பீருக்கு ஏற்ப லாபத்தில் பங்கு கிளப்புக்கே திரும்பி வரும். 1980 வாக்கில் ஃபெடரேஷன் கேட்ஸ்ஹெட் பக்கம் டன்ஸ்டனில் புது ஆலைக்கு மாறியது. 2004-ல் ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் என்ற பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். வாங்க கிளப்புகள் குறைந்துகொண்டே போனால் ஆலை மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

சரி, கேமராவுக்கு வருவோம்.

தொழிலாளிகளின் ஓய்வு நேரத்தைப் படம் பிடித்தவர்களில் முன்னோடி ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ். பிரிட்டிஷ் தபால் துறையின் படப்பிரிவுக்காக 1939-ல் அவர் எடுத்த 'ஸ்பேர் டைம்' ஷெஃபீல்ட் எஃகு, மான்செஸ்டர் வட்டாரத்துப் பருத்தி, தெற்கு வேல்ஸ் நிலக்கரி என்று மூன்று தொழில்களின் மக்கள் வேலை இல்லாத நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று காட்டியது. பின்னணிக் குரல் ஒன்றிரண்டு வாக்கியங்களோடு ஒதுங்கிக்கொள்ளும். புறா, நாய், பாட்டுக் குழு, நடனக் கூடம் என்று படம் போய்க்கொண்டே இருக்கும். அதில் கசூ என்ற சின்ன ஊதுவாத்தியத்தை வாசித்தபடி சீருடையில் நடக்கும் ஒரு இளைஞர் அணி வரும். ஏழைகளைக் கேலி செய்கிற காட்சி என்று ஆவணப்பட வட்டத்துக்குள்ளேயே சிலர் அன்றைக்கே கோபப்பட்டார்கள். நான் அந்தக் காட்சியில் கேலியைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகள் தாங்கள் செய்வதை அவ்வளவு சிரத்தையோடு செய்கிறார்கள். கேமராவும் அவசரப்படாமல் நிற்கிறது. ஆனால் அந்தச் சண்டை நியாயமானது. படித்தவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு தொழிலாளி வீட்டுப் பக்கம் போனபோதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே போனது.

கிளப் ஹாலுக்குள் போய் அங்கே பேசுவதை அப்படியே பதிவு செய்வது 60-களில்தான் கைகூடியது. தோளில் சுமக்கக்கூடிய 16 மில்லிமீட்டர் கேமராவும், அதோடு ஒத்து ஓடும் நாக்ரா மாதிரியான சின்ன ஒலிப்பதிவுக் கருவியும் வந்த பிறகு, பெரிய விளக்குகளும் வண்டி நிறைய சாமானும் இல்லாமல் ஒரு சின்னக் குழு உள்ளே போக முடிந்தது. அதே காலத்தில் வட்டாரத் தொலைக்காட்சிகளும் வளர்ந்தன: மான்செஸ்டரில் கிரனாடா 1956-ல், நியூகாசிலில் டைன் டீஸ் 1959-ல், லீட்ஸில் யார்க்‌ஷயர் டெலிவிஷன் 1968-ல். தங்கள் ஊர் நேயர்களுக்குத் தங்கள் ஊரையே காட்ட வேண்டிய தேவை அவற்றுக்கு இருந்தது. கிளப் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே முகங்கள் இருந்தன, பாட்டு இருந்தது, சண்டையும் இருந்தது. கணக்குப் புத்தகத்தையோ ஆண்டுப் பொதுக்கூட்டத்தையோ படமாக்கினால் யார் பார்ப்பார்கள்? ஆகவே கேமரா மேடைப் பக்கமே திரும்பியது. கிளப் என்றாலே பீரும் பிங்கோவும் என்ற பிம்பம் இப்படித்தான் ஊன்றியது.

1974 முதல் 1977 வரை கிரனாடா ஒளிபரப்பிய 'வீல்டேப்பர்ஸ் அண்ட் ஷன்டர்ஸ் சோஷியல் கிளப்' அந்தப் பிம்பத்துக்கு முத்திரை குத்தியது. அது ஆவணப்படம் கிடையாது. மான்செஸ்டர் ஸ்டுடியோவில் போட்ட செட். கோலின் கிராம்ப்டன் கிளப் தலைவராக வந்து மணியடித்து நிகழ்ச்சியை நிறுத்தி அறிவிப்புகள் செய்வார். பெர்னார்ட் மேனிங் கலைஞர்களை அறிமுகப்படுத்துவார். தலைவர் அசட்டுத்தனமாக அறிவிப்பதும், கலைஞரை மதிக்காமல் நடுவில் புகுவதும்தான் நகைச்சுவை. கிளப்புக்குப் போகிறவர்களே அதை ரசித்துப் பார்த்தார்கள். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தொழிலாளி நாலு பேர் முன்னால் எழுந்து நின்று ஒரு கூட்டத்தை நடத்துவதே சிரிப்புக்குரியது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மேனிங்கின் நகைச்சுவையில் இனவெறி எவ்வளவு கலந்திருந்தது என்பது ஊர் அறிந்தது.

கலைஞர்கள் பக்கம் பார்த்தால் கிளப் ஒரு கடுமையான பள்ளிக்கூடம். யாரை மேடையேற்றுவது என்று முடிவு செய்பவர் கச்சேரிச் செயலாளர், அவரும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்தான். கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் பாதி நிகழ்ச்சியோடு கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார். பிங்கோ நேரம் வந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட பாடகரும் இறங்க வேண்டியதுதான். தெற்கு வேல்ஸின் பான்டிபிரித் பக்கத்து கிளப்புகளில் பாடி வளர்ந்த டாம் ஜோன்ஸ், வடகிழக்கில் வித்தை காட்டிப் பழகிய பால் டேனியல்ஸ் என்று இந்தப் பள்ளிக்கூடத்தில் தேறி வந்தவர்கள் நிறையப் பேர்.

இந்தக் கச்சேரிகளுக்குப் பணம் வந்த வழியில் இருட்டும் உண்டு. 1960-ன் சூதாட்டச் சட்டம் பிங்கோவுக்கும் காசு போட்டு இழுக்கும் சூதாட்ட இயந்திரங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. கிளப் மூலையில் நின்ற ஒரு இயந்திரம் வாரா வாரம் கொட்டிய சில்லறையில்தான் பல கிளப்புகள் பெரிய பாடகர்களைக் கூப்பிட்டன, புது ஹால் கட்டின. பணம் அவ்வளவு புழங்கினால் கூடவே கெட்ட ஆட்களும் வருவார்கள். வடகிழக்கு கிளப்புகளின் இயந்திரங்களிலிருந்து பணம் வசூலித்துவந்த ஒருவர் 1967 ஜனவரியில் டர்ஹாம் மாவட்டத்தின் சவுத் ஹெட்டனில் சுட்டுக் கொல்லப்பட்டுக் காருக்குள் கிடந்தார். அதே 1967-ல் யார்க்‌ஷயரின் பேட்லி என்ற சின்னக் கம்பளி மில் ஊரில் ஒரு தனியார் முதலாளி பிரம்மாண்டமான வெரைட்டி கிளப் திறந்தார். 1968-ல் அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கே அங்கே வந்து வாசித்தார். உறுப்பினர்களே நடத்திய கிளப்புகள் அந்த அளவுக்குப் போட்டி போட முடியாது. ஆனால் முயன்றன. கலைஞர்களின் கூலி ஏறிக்கொண்டே போனது. ஹால் கட்ட வாங்கிய கடன், பெரும்பாலும் பீர் கம்பெனியிடம் வாங்கியது, தலைக்கு மேல் நின்றது.

மேடையை விட்டு விலகி வேறு பக்கம் திரும்பிய படங்கள்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். வடகிழக்கில், குறிப்பாக ஆஷிங்டன் மாதிரியான சுரங்க ஊர்களில், இலையுதிர் காலத்தில் கிளப்புகளில் லீக் கண்காட்சி நடக்கும். லீக் என்பது வெங்காயக் குடும்பத்துச் செடி, வெள்ளைத் தண்டைச் சமைப்பார்கள். வேலைக்குப் போன நேரம் போக வருஷம் முழுக்கத் தன் துண்டு நிலத்தில் ஒரு உறுப்பினர் அதைப் பிள்ளை மாதிரி வளர்ப்பார். என்ன உரம், என்ன கஷாயம் ஊற்றுகிறார் என்று பக்கத்து நிலத்துக்காரருக்குக்கூடச் சொல்ல மாட்டார். போட்டிக்கு முந்தின வாரங்களில் எதிராளி வந்து வெட்டிவிடுவான் என்று ராத்திரி காவலுக்குப் படுப்பவர்கள் உண்டு. கண்காட்சி அன்று கழுவித் துடைத்த லீக்குகள் கறுப்புத் துணிமேல் வரிசையாக இருக்கும். நடுவர் அளவுநாடா வைத்துச் சுற்றளவும் நீளமும் எடுத்துக் கன அங்குலக் கணக்குப் போடுவார். பரிசாகச் சோபா, கட்டில், பின்னாளில் டிவி, ஃபிரிட்ஜ் என்று வீட்டுச் சாமான்கள். அளவெடுக்கும் அந்தக் கைகளை நெருக்கமாகக் காட்டும் ஒரு காட்சி போதும், மணிக்கணக்கில் பேட்டி தேவையில்லை. அளவில் துளி ஏமாற்று இருக்கக் கூடாது, எல்லார் கண்ணெதிரே நடக்க வேண்டும் என்ற அதே ஒழுங்குதான் கணக்குப் புத்தகத்திலும் இருந்தது.

இனி அந்த ஒழுங்கின் மறுபக்கம்.

படங்களில் சனி இரவு ஹால் முழுக்கப் பெண்கள் இருப்பார்கள். சிரிப்பார்கள், பிங்கோ சீட்டில் அடிப்பார்கள். ஆகவே அவர்களும் சம உறுப்பினர்கள் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலான கிளப்புகளில் அப்படி இல்லை. கணவனோடோ அப்பாவோடோ வரலாம். சில இடங்களில் பெண் உறுப்பினர் என்று தனி அட்டை இருக்கும். ஓட்டு இருக்காது, கமிட்டிக்கு நிற்க முடியாது. ஆண்களுக்கு மட்டும் என்று ஒரு பார், ஒரு ஸ்னூக்கர் அறை. ஞாயிறு மதியம் ஆண்கள் கிளப்பில், பெண்கள் அடுப்படியில். 70-களில் அந்த ஞாயிறு மதியங்களில் ஆடை களையும் நடனங்கள் பல கிளப்புகளில் வாடிக்கையாகவே நடந்தன. எல்லாவற்றுக்கும் மேல், ஒன்றியத்தின் இணைப்பு அட்டை. ஒரு கிளப்பின் உறுப்பினர் அதைக் காட்டி நாட்டில் ஒன்றியத்தைச் சேர்ந்த எந்த கிளப்புக்குள்ளும் போகலாம். அது பெண்களுக்குக் கிடையாது.

1978-ல் வேக்ஃபீல்ட் நகரத்து கிளப் ஒன்றில் ஷீலா கேப்ஸ்டிக் என்பவரை இனிமேல் ஸ்னூக்கர் ஆடக் கூடாது என்று கமிட்டி தடுத்தது. அவர் அதற்கு முன்னால் வருஷக்கணக்காக அந்த மேசையில் ஆடிக்கொண்டிருந்தவர். வாசலில் மறியல் செய்தார். அது மெல்ல மெல்ல நாடு தழுவிய சம உரிமை இயக்கமாக வளர்ந்தது; ஒன்றியத்தின் ஆண்டு மாநாட்டு வாசலிலும் போய் நின்றார்கள். மாநாட்டில் ஓட்டெடுப்பு வரும், தோற்கும். மறுபடி வரும், மறுபடி தோற்கும். 2007-ல்தான் பெண்களுக்கும் சம உரிமை என்று ஒன்றியம் ஒப்புக்கொண்டது. 1975-ன் பாலினப் பாகுபாட்டுச் சட்டம் தனியார் கிளப்புகளைத் தொடாமல் விட்டிருந்தது; 2010-ன் சமத்துவச் சட்டம்தான் அந்த ஓட்டையை அடைத்தது.

நிறத்தின் கதை இன்னும் கசப்பு. கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் அமர்ஜித் சிங் ஷா என்ற இந்தியர் 1969-ல் கன்சர்வேடிவ் கட்சிக்காரர்களின் கிளப் ஒன்றில் சேர விண்ணப்பித்தார். அந்தக் கட்சியில் அவர் ஏற்கெனவே இருந்தவர். கமிட்டியில் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தது. தலைவர் தன் ஓட்டை எதிராகப் போட்டார். நிறம் ஒரு காரணமா என்ற கேள்விக்கு ஆமாம் என்றே அவர் சொல்லியிருந்தார். வழக்கு, அன்றைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. உறுப்பினர்களை உண்மையாகவே ஆராய்ந்து தேர்ந்தெடுக்கும் கிளப் தனிப்பட்ட இடம், 1968-ன் இன உறவுச் சட்டம் அங்கே நுழைய முடியாது என்று 1973-ல் தீர்ப்பு வந்தது.

அடுத்த வருஷம் வந்த தீர்ப்பு தொழிலாளர் கிளப்பைப் பற்றியே. பிரெஸ்டனில் துறைமுகத் தொழிலாளர்களின் கிளப். இன்னொரு கிளப்பின் உறுப்பினரான கறுப்பினத்தவர் ஒருவர் உள்ளே வந்திருந்தார். நிறத்தைக் காரணம் காட்டி வெளியே போகச் சொன்னார்கள். அவர் கையில் இணைப்பு அட்டை இருந்தது. சுமார் 4,000 கிளப்புகளின் கதவைத் திறக்கும் அட்டை, லட்சக்கணக்கானோர் வைத்திருந்தது. இவ்வளவு பேருக்குத் திறந்திருக்கும் இடம் எப்படித் தனிப்பட்ட இடம் ஆகும்? பிரபுக்கள் சபை ஆகும் என்றது. 1976-ல் புதிய இன உறவுச் சட்டம் வந்து, 25 பேரோ அதற்கு மேலோ உறுப்பினர் உள்ள சங்கங்கள் நிறம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்று கொண்டுவந்த பிறகுதான் இது சட்டப்படி முடிந்தது.

முன்மொழிவு, வழிமொழிவு, அறிவிப்புப் பலகை, கமிட்டி முடிவு, வாசல் நோட்டு. பிரபுக்களிடமிருந்தும் பீர் கம்பெனிகளிடமிருந்தும் கிளப்பைக் காப்பாற்றியது இந்த நடைமுறைதான். நீதிமன்றத்தில் வெள்ளைத் தோலுக்குக் கேடயமாக நின்றதும் இதேதான். நடைமுறை மாறவில்லை, அதைக் கையில் வைத்திருந்தவர்கள் யாரைத் தங்களவர் என்று நினைத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது. அந்தக் காலத்து கமிட்டிக்காரர்கள் கெட்டவர்கள் என்று ஒரே அடியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பக்கத்து ஷிஃப்டில் தோளோடு தோள் நின்று வேலை பார்த்தவரைச் சாயங்காலம் வாசலில் நிறுத்தினார்கள் என்பதை மென்று விழுங்கவும் முடியாது.

1970-களின் நடுவில் ஒன்றியத்தில் 4,000 கிளப்புகள் இருந்தன. இன்றைக்கு அதில் பாதிகூட இல்லை. சுரங்கமும் ஆலையும் மூடியது முதல் காரணம். சந்தா கட்டுகிறவர் கையில் சம்பளம் இல்லையென்றால் மற்றதெல்லாம் எதற்கு. சூப்பர் மார்க்கெட்டில் பீர் கிளப்பைவிட மலிவானது. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் உள்ளே புகைபிடிக்கத் தடை வந்தது. கிளப்காரர்கள் புகைத் தடையைத்தான் முதலில் திட்டுவார்கள். எனக்கென்னவோ, பெண்களையும் புதிதாகக் குடியேறியவர்களின் பிள்ளைகளையும் இத்தனை காலம் வெளியே நிறுத்தியதற்கும் இதில் பங்கு உண்டு என்று படுகிறது. பழைய ஆட்கள் போன பிறகு நாற்காலியை நிரப்ப ஆள் வேண்டுமே. தாக்குப்பிடித்தவையும் உண்டு. 1887-ல் தொடங்கிய லண்டன் பெத்னல் கிரீன் கிளப் இளைஞர்களின் கேபரே நிகழ்ச்சிகளுக்கு மேடை கொடுத்து வருஷக்கணக்காகப் பிழைத்தது.

மூடும் கிளப்புகளைப் பற்றி அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. கிளப் கலைக்கப்படும்போது கட்டடத்தை விற்று, கடன் போக மிஞ்சுவதை அன்றைக்குப் பதிவேட்டில் இருக்கும் உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று பல கிளப்புகளின் விதிகளில் இருக்கிறது. நூறு வருஷமாக எத்தனையோ பேர் சந்தா கட்டிச் சேர்த்த இடம் கடைசியில் பட்டியலில் மிஞ்சிய சில பேருக்குப் போகும். நகரத்தில் நிலத்தின் விலை ஏற ஏற, நஷ்டத்தில் ஓடும் கிளப்பைக் காப்பாற்றுவதைவிட விற்பது கவர்ச்சியாகத் தெரியும். அந்தப் பணத்தில் 1950-ல் செத்துப்போன சுரங்கத் தொழிலாளிக்கும் ஓட்டே இல்லாமல் வருஷா வருஷம் பிங்கோ சீட்டு வாங்கிய அவர் மனைவிக்கும் பங்கு உண்டு. வாங்கிக்கொள்ள அவர்கள் இல்லை. விற்ற பணம் ஊருக்கே திரும்ப வேண்டும் என்று விதியை மாற்றி எழுதுவது உறுப்பினர்கள் கையில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு: 2011-ன் உள்ளாட்சி அதிகாரச் சட்டப்படி இங்கிலாந்தில் ஒரு கட்டடத்தை ஊருக்கு மதிப்புள்ள சொத்தாகப் பட்டியலிடும்படி உள்ளூர்க் குழுக்கள் கவுன்சிலிடம் கேட்கலாம். பட்டியலில் ஏறிவிட்டால், விற்கப் போகிறோம் என்று உரிமையாளர் முதலில் தெரிவிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் வாங்க விருப்பம் தெரிவித்தால் பணம் திரட்ட 6 மாத அவகாசம் கிடைக்கும். அவர்களுக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.